அந்தக் கறுப்பு ஃபெராரி, ஃபெராரியே இல்லை

கேள்வி இதுதான்: 1984இல் அமெரிக்க டிவியில் வந்த 'மயாமி வைஸ்' போலீஸ் தொடரில் நாயகன் க்ராக்கெட் ஓட்டும் கறுப்பு ஃபெராரி போலி வண்டி என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார், அது உண்மையா, அந்தத் தொடரை எடுத்த கதையில் இப்படி வேறு என்னவெல்லாம் இருக்கிறது?

நண்பர் சொன்னது சரிதான். முதல் இரண்டு சீசன் முழுக்க, க்ராக்கெட்டாக நடித்த டான் ஜான்சன் ஓட்டிக்கொண்டு திரிந்த அந்தக் கறுப்பு டேட்டோனா ஸ்பைடர் (ஃபெராரியின் ஒரு மாடல்), தோலை உரித்துப் பார்த்தால் செவ்ரலே கார்வெட். கார்வெட்டின் அடிச்சட்டம், கார்வெட்டின் இன்ஜின், மேலே மட்டும் மக்பர்னி என்ற கலிபோர்னியா பட்டறை செய்து மாட்டிய ஃபெராரி உடம்பு. ஏன் அசலை வாங்கவில்லை என்று கேட்டால், அசல் டேட்டோனா ஸ்பைடரை ஃபெராரி மொத்தமே 122தான் செய்தது. அதில் ஒன்றைக் கொண்டுவந்து வாரம் ஒரு தடவை நடைபாதையில் ஏற்றி இறக்கி டயர் தேய ஓட்ட எந்தத் தயாரிப்பாளருக்கு மனசு வரும்? தொடர் ஓடிய காலத்தில் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அசல் என்றே நம்பியிருப்பார்கள். டிவி திரை அவ்வளவு சின்னது அப்போது.

ஃபெராரி கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதில் நியாயமும் இருக்கிறது, உலகத்திலேயே அதிகம் பேர் பார்க்கும் ஃபெராரி ஒரு அமெரிக்க இன்ஜின் வண்டி என்றால் யாருக்குத்தான் எரியாது. நகல் செய்தவர்கள் மேல் வழக்கு போட்டார்கள். தொடர் எடுப்பவர்களிடம் வேறு வழியில் வந்தார்கள்: போலியை ஒழித்துவிடுங்கள், எங்கள் டெஸ்டரோஸா மாடலில் நாங்களே இரண்டு புது வண்டி தருகிறோம் என்றார்கள். ஒழிப்பது என்றால் சும்மா நிறுத்திவிடுவதா? 1986 செப்டம்பரில் மூன்றாவது சீசனின் முதல் எபிசோடிலேயே ஒரு ஆயுத வியாபாரி ஸ்டிங்கர் ஏவுகணை எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக க்ராக்கெட்டின் காரைக் குறி வைக்கிறான், கார் சுக்குநூறாகிறது, க்ராக்கெட் வாயைப் பிளந்து நிற்கிறான். கதையில் அது சோகம். உண்மையில் அது ஃபெராரிக்கு கொடுத்த வாக்கு.

வந்த இரண்டு டெஸ்டரோஸாவும் கறுப்பு. தொடரில் நீங்கள் பார்ப்பது வெள்ளை. இரவுக் காட்சிகளில் கறுப்பு வண்டி இருட்டோடு இருட்டாகப் போய்விடுகிறது, கேமராவுக்கு ஹெட்லைட் மட்டும்தான் தெரிகிறது என்பதால் வெள்ளை அடித்துவிட்டார்கள். இந்த "இருட்டில் தெரிய வேண்டும்" என்ற விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கியில் மறுபடி வரும். இன்னொரு வேடிக்கை என்னவென்றால், போலியை ஒழிக்க அசல் வந்த பிறகும் போலி ஒழியவில்லை. இலவசமாக வந்த டெஸ்டரோஸாவைச் சண்டைக் காட்சியில் கொண்டுபோய் இடிக்க முடியுமா? 1972ஆம் வருஷத்து டி டொமாஸோ பான்டெரா கார் ஒன்றை எடுத்து, அதன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி டெஸ்டரோஸாவோடு ஒத்துப்போகிறது என்பதால், அதன் மேல் டெஸ்டரோஸா மாதிரி உடம்பைப் பொருத்தி, அடிபடுகிற வேலை அத்தனையையும் அதன் தலையில் கட்டினார்கள். அதைச் செய்து கொடுத்தவர் முன்பு டேட்டோனா நகலிலும் கை வைத்தவர்தான்.

சரி, போலீஸ்காரனுக்கு ஃபெராரி எங்கிருந்து? இதுதான் தொடரின் விதை. தொடரை உருவாக்கியவர் மைக்கேல் மான் என்று பல பேர் எழுதுகிறார்கள், தப்பு. உருவாக்கியவர் ஆண்டனி யெர்கோவிச், அதற்கு முன் 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' தொடரில் எழுதிக்கொண்டிருந்தவர். போதைப்பொருள் கடத்துகிறவனிடமிருந்து பறிமுதல் செய்த காரையும் படகையும் போலீஸே தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அமெரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதைப் பற்றிய தகவல்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். மயாமியோ அந்தச் சமயத்தில் கொதித்துக்கொண்டிருந்த ஊர்: 1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து லட்சத்துக்கு மேல் கியூபா அகதிகள் வந்து இறங்கினார்கள், அதே வருஷம் இனக்கலவரம், கடல்வழியாக கொகெயின், வங்கிகளில் மூட்டை மூட்டையாகப் பணம். அந்தச் சட்டத்தையும் அந்த ஊரையும் சேர்த்தால் படகில் குடியிருந்து ஃபெராரி ஓட்டும் மாறுவேடப் போலீஸ்காரன் வந்துவிடுகிறான். அவன் சம்பளத்தில் வாங்கியது ஒன்றுமே இல்லை, எல்லாம் பறிமுதல் சொத்து. படகில் அவன் வளர்க்கும் எல்விஸ் என்ற முதலையை மட்டும் எந்தக் கணக்கில் எழுதினார்களோ.

தொடரை ஒளிபரப்பிய என்பிசி சேனல் தலைவர்களில் ஒருவரான பிராண்டன் டார்ட்டிகாஃப் ஒரு துண்டுச் சீட்டில் "எம்டிவி போலீஸ்" என்று இரண்டே சொல் எழுதிக் கொடுத்தார் (எம்டிவி என்பது பாட்டு வீடியோ சேனல்), அதிலிருந்து தொடர் பிறந்தது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு யெர்கோவிச் கதையில்தான் நம்பிக்கை, ஏனென்றால் முதல் எபிசோடைப் பார்த்தால் அதில் இருப்பது பாட்டு வீடியோ மனசு இல்லை, காசு எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று தெரிந்த ஒருவரின் கோபம்.

மைக்கேல் மான் செய்தது வேறு வேலை. நிர்வாகத் தயாரிப்பாளராக உட்கார்ந்து கண்ணுக்குத் தெரிவது எல்லாவற்றையும் பிடியில் வைத்துக்கொண்டார். அவர் போட்ட சட்டம் ரொம்பப் பிரபலம்: மண் நிறம் கூடாது. பழுப்பு, காவி, செங்கல் சிவப்பு எதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது. உடையில் மட்டும் இல்லை, சுவரில், நாற்காலியில், பின்னால் நிற்கும் காரில்கூட. இது ஸ்டுடியோவில் எடுத்த தொடராக இருந்தால் பெரிய விஷயம் இல்லை, ஆனால் மயாமித் தெருவிலேயே எடுத்தார்கள், தெருவில் சுவர்கள் யாரையும் கேட்டு நிறம் வைத்துக்கொள்வதில்லையே. அதனால் லொக்கேஷன் பார்த்துவிட்டு வந்தால் அடுத்து பெயின்ட் டப்பாவோடு ஆள் போவார்கள். கட்டடத்துக்காரருக்கு ஓசியில் வெள்ளையடிப்பு, வெள்ளை மட்டும் இல்லை, ரோஸும் இளநீலமும்.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். மயாமி பீச்சுக்கு அந்த ஐஸ்கிரீம் நிறங்களைக் கொடுத்ததே இந்தத் தொடர்தான் என்று சொல்வார்கள், அது பாதி உண்மை. 1930களின் ஆர்ட் டெகோ கட்டடப் பாணி ஹோட்டல்கள் அங்கே வயதானவர்கள் குறைந்த வாடகைக்குத் தங்கும் இடங்களாகத் தேய்ந்துகிடந்தன, இடித்துத் தள்ளும் பேச்சும் இருந்தது. பார்பரா கேப்பிட்மேன் என்ற அம்மையாரும் அவரோடு சேர்ந்தவர்களும் சண்டை போட்டு 1979இல் அந்தப் பகுதியை தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏற வைத்தார்கள். கூட இருந்த வடிவமைப்பாளர் லெனார்ட் ஹோரோவிட்ஸ், கட்டடத்தின் பூவேலையும் விளிம்பும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று வெளிர் நிறங்களின் வரிசை ஒன்றை உருவாக்கி சில கட்டடங்களுக்கு அடிக்கவும் தொடங்கியிருந்தார். தொடர் 1984இல் கேமராவோடு வந்தபோது விதை ஏற்கெனவே முளைத்திருந்தது. ஆனால் அதை உலகமே பார்க்க வைத்தது தொடர்தான், அதையும் மறுக்க முடியாது. தொடக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் கொலையும் கடத்தலுமாகக் காட்டினால் சுற்றுலா போய்விடும் என்று பயந்தார்கள், நடந்தது நேர் எதிர். டைட்டிலில் ஒரு நொடி வந்து போகும் கட்டடம், நடுவில் சதுரமாகப் பெரிய ஓட்டை, அந்த ஓட்டைக்குள் சிவப்புச் சுழல் படிக்கட்டும் ஒரு பனைமரமும், அதுதான் அட்லாண்டிஸ் என்ற அடுக்குமாடி. (படிக்கட்டு சிவப்பு. மண் நிறம் இல்லையே, அதனால் தப்பித்தது போல.)

உடைக்கு வருவோம். டி-ஷர்ட்டுக்கு மேலே இத்தாலிய கோட்டு, கை மடக்கி முழங்கை வரை ஏற்றி, கீழே சாக்ஸ் இல்லாத ஷூ. ஒரு எபிசோடில் நாயகர்கள் ஐந்து முதல் எட்டு உடை வரை மாற்றுவார்கள், அர்மானி வெர்சாச்சி எல்லாம் புழங்கும். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பகட்டு. என்னைக் கேட்டால் கதைப்படியும் அந்தக் கோட்டு அவசியம்: மயாமி வெயிலில் எவனாவது கோட்டு போடுவானா, ஆனால் அக்குளுக்குக் கீழே துப்பாக்கி உறை மாட்டியவன் அதை மறைக்க ஏதாவது போட்டே ஆக வேண்டும், அப்படியானால் உள்துணி இல்லாத மெல்லிய கோட்டு, உள்ளே டி-ஷர்ட், சரியாக வந்துவிட்டது. ஜான்சனின் இரண்டு நாள் தாடியும் அப்படியே ஃபேஷன் ஆனது. வால் கம்பெனி அந்தத் தாடியை அதே அளவில் வைத்துக்கொள்ள ஒரு டிரிம்மர் போட்டு அதற்கு 'மயாமி டிவைஸ்' என்று பெயர் வைத்தது, அப்புறம் பெயரை மாற்றிக்கொண்டது. ஷேவ் பண்ணாமல் இருப்பதற்கு ஒரு மெஷின் விற்ற காலம் அது.

இத்தனை நிறத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் கறுப்பு கோட்டு, வெள்ளைச் சட்டை, ஒல்லியான கறுப்பு டை என்று நிற்பார். க்ராக்கெட்டின் மேலதிகாரி லெப்டினென்ட் காஸ்டியோ. அவர் வந்ததே ஒரு விபத்து. முதலில் அந்த நாற்காலியில் இருந்தவர் கிரெகரி சியரா, அவருக்கு மயாமி வாசம் ஒத்துவரவில்லை, விட்டுவிடுங்கள் என்றார், சில வாரங்களிலேயே க்ராக்கெட்டைக் குறிவைத்த துப்பாக்கிக் குண்டை அவர் கதாபாத்திரம் வாங்கிச் செத்தது. பதிலுக்கு எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸைக் கூப்பிட்டார்கள். அவர் மாட்டேன் என்றார். மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி மாட்டேன். கடைசியில் அவர் போட்ட நிபந்தனை இரண்டு: வேறு படங்களில் நடிக்க எனக்குத் தடை இருக்கக்கூடாது, என் கதாபாத்திரம் எப்படி இருக்கும் என்பது என் கையில் இருக்க வேண்டும். கொடுத்தார்கள். கொடுத்ததற்குப் பலன், 1985இல் தொடருக்குக் கிடைத்த 15 எம்மி (அமெரிக்க டிவி விருது) பரிந்துரைகளில் வெற்றியானது நான்கு, அதில் நடிப்புக்கான ஒன்று ஓல்மோஸுக்கு. எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், அரை வாக்கியத்தில் உத்தரவு போடுவார். சத்தமில்லாமல் ஒரு ஆள் அறையில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைப்பது எப்படி என்று நடிப்பு படிக்கிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

இப்போது துப்பாக்கி. முதல் இரண்டு சீசனில் க்ராக்கெட் கையில் இருப்பது பிரென் டென். பெயரிலேயே பத்து இருக்கிறது, அது 10 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்த துப்பாக்கி. படப்பிடிப்புக்கு வேண்டிய, குண்டு இல்லாமல் சத்தம் மட்டும் போடும் தோட்டா அந்த அளவில் கிடைக்கவில்லை, அதனால் தொடருக்கென்று .45 அளவில் செய்து கொடுத்தார்கள். மேல்பாகத்துக்கு குரோம் பூசினார்கள், காரணம் தெரியும்தானே: இருட்டில் தெரிய வேண்டும். இதில் பரிதாபம் அந்தக் கம்பெனியின் கதை. நாடே அந்தத் துப்பாக்கியைக் கேட்கிறது, கம்பெனியால் அதற்கான மேகஸீனை (தோட்டா அடுக்கும் உறை) சரியாகச் செய்து கொடுக்க முடியவில்லை, பல பேருக்குத் துப்பாக்கி வந்தது மேகஸீன் வரவில்லை. 1986இல் திவால். மூன்றாவது சீசனில் க்ராக்கெட் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிக்கு மாறிவிட்டான், காரணம் கதையில் சொல்லவே இல்லை.

துப்பாக்கி பற்றிப் பேசும்போது ஒரு காட்சியைச் சொல்லாமல் விட்டால் பாவம். சியரா கதாபாத்திரம் சுடப்படும் அதே எபிசோடில் ஒரு கூலிக் கொலையாளி வருகிறான். வீட்டு வாசலில் காவலாளி அவன் மேல் துப்பாக்கியை நீட்டுகிறான், இவன் பணிவாகக் கையைத் தூக்குகிறான், கண் இமைப்பதற்குள் கோட்டை விலக்கி உருவி, நெஞ்சில் இரண்டு, தலையில் ஒன்று. எடிட்டிங்கில் வேகம் கூட்டிய மாதிரி தெரியும், கூட்டவில்லை. நடித்தவர் ஜிம் ஸூபியெனா, நிஜத்தில் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொண்டவர். வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஓடுவதால்தான் நம் வயிறு கலங்குகிறது. மைக்கேல் மான் படங்களில் துப்பாக்கி பிடிக்கும் கை ஏன் எப்போதும் சரியாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

இசைதான் இந்தத் தொடரின் உயிர், இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். அதுவரை டிவியில் ஒரு ஹிட் பாட்டு வேண்டும் என்றால் யாராவது பாடகரை வைத்து மலிவாக மறுபடி பாட வைப்பார்கள். இவர்கள் எபிசோடுக்கு 10,000 டாலரும் அதற்கு மேலும் செலவழித்து அசல் பதிவையே உரிமை வாங்கிப் போட்டார்கள். அமெரிக்க டிவியில் ஸ்டீரியோ ஒலி அப்போதுதான் வந்திருந்தது, முதலில் அதில் ஒலித்த தொடர்களில் இதுவும் ஒன்று, ஒரு எபிசோடுக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 13 லட்சம் டாலர். பின்னணி இசை யான் ஹாமர். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர், 1970களின் தொடக்கத்தில் ஜான் மெக்லாக்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்ட் வாசித்தவர். (அது கலைந்த பிறகு மெக்லாக்லின் தொடங்கிய சக்தி குழுவில்தான் நம்ம விக்கு விநாயக்ராமின் கடம் உலகம் சுற்றியது.) ஹாமர் ஹாலிவுட் பக்கமே போகவில்லை. நியூயார்க் மாநிலத்தில் தன் வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, வரும் எபிசோடைப் போட்டுப் பார்த்து, ஃபேர்லைட் என்ற கணினி வாத்தியத்திலும் சில சிந்தசைஸர்களிலும் தனி ஆளாக வாசித்துப் பதிந்து அனுப்புவார். வாரா வாரம். இங்கே சோகம், இங்கே திகில் என்று குறித்துக் கொடுக்க ஆள் கிடையாது, எங்கே இசை வேண்டும் என்பதும் அவர் முடிவுதான். 1985 நவம்பரில் டைட்டில் இசை அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதலிடம் போனது. பாட்டு வரியே இல்லாத இசை ஒன்று மறுபடி அந்த இடத்துக்கு வர 2013 வரை ஆயிற்று.

முதல் எபிசோடில் வரும் இரவுப் பயணத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கடத்தல்காரனைப் பிடிக்கப் போகிறார்கள், உயிரோடு திரும்புவோமா தெரியாது. ஃபில் காலின்ஸ் 1981இல் பாடிய 'இன் தி ஏர் டுநைட்' தொடங்குகிறது. காரின் மூக்கின் மேல் தெருவிளக்குகள் வழுக்கிக்கொண்டு போகின்றன, சக்கரத்தின் அருகே ஒரு ஷாட், இன்னொரு நாயகனான டப்ஸ் துப்பாக்கியில் தோட்டா போடுகிறான், யாரும் பேசவில்லை. வழியில் நிறுத்தி நியான் வெளிச்சத்தில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து பிரிந்துபோன மனைவிக்குப் போன் போடுகிறான் க்ராக்கெட். நாம் சேர்ந்து இருந்தோமே, அது நிஜம்தானே என்று மட்டும் கேட்கிறான். நிஜம்தான் என்கிறாள். வைத்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். துரத்தலும் இல்லை, சுடுவதும் இல்லை, நான்கு நிமிஷத்துக்குக் கதையே நகரவில்லை, ஒரு போலீஸ் தொடர் அப்படி நின்று மூச்சு விடலாம் என்று டிவிக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். இயக்கியவர் தாமஸ் கார்ட்டர், மான் இல்லை, இதையும் பலர் மாற்றிச் சொல்வார்கள். அந்த ஃபெராரியும் போலி என்பது அந்த நான்கு நிமிஷத்தில் எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வந்ததில்லை.

வந்துபோன நடிகர்கள் பட்டியலைப் போட்டால் இன்னொரு பதில் ஆகிவிடும், வேகமாகச் சொல்கிறேன். ஜிம்மி ஸ்மிட்ஸ் முதல் எபிசோடில் க்ராக்கெட்டின் கூட்டாளியாக வந்து சில நிமிஷத்தில் கார் வெடித்துச் சாகிறார். புரூஸ் வில்லிஸ் யாருக்கும் தெரியாத 1984இல் வில்லன், அந்த எபிசோடை இயக்கியவர் பழைய 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' தொடரில் ஹட்ச்சாக நடித்த டேவிட் சோல், ஸ்டார்ஸ்கியாக நடித்த பால் மைக்கேல் கிளேசரும் வேறு எபிசோடுகளை இயக்கினார். ஏவுகணை எபிசோடில் லியம் நீசன். ஜூலியா ராபர்ட்ஸ், பெனிசியோ டெல் டோரோ, கிறிஸ் ராக் எல்லாம் உண்டு. மைல்ஸ் டேவிஸ், ஃபிராங்க் ஸப்பா, லெனார்ட் கோஹன் மாதிரி இசைக்காரர்கள் டிரம்பெட்டையும் கிதாரையும் வைத்துவிட்டு வந்து நடித்துவிட்டுப் போனார்கள்.

டப்ஸாக நடித்த பிலிப் மைக்கேல் தாமஸ் பற்றி ஒன்று. இன்று எம்மி, கிராமி, ஆஸ்கர், டோனி நான்கும் வாங்கியவரை 'ஈகாட்' என்கிறார்களே, அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். ஐந்து வருஷத்தில் நான்கையும் வாங்குவேன் என்று 1984இல் சொல்லி, அந்த நான்கு எழுத்தைப் பொறித்த தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். நான்கில் ஒன்றுக்குக்கூட அவர் பெயர் பரிந்துரை ஆகவில்லை. சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் சொல் அகராதி வரை போய்விட்டது.

இரண்டு சீசனுக்குப் பிறகு மான் சினிமா வேலைகளில் இறங்கிவிட்டார், அன்றாடப் பொறுப்பு டிக் வுல்ஃபிடம் வந்தது, ஆமாம், பின்னாளில் 'லா அண்ட் ஆர்டர்' செய்த அதே டிக் வுல்ஃப். வெளிர் நிறம் குறைந்து இருட்டு நிறம் கூடியது. வெள்ளிக்கிழமை பத்து மணியிலிருந்து ஒன்பது மணிக்கு மாற்றி நேராக வேறு சேனலின் பிரபலமான 'டாலஸ்' தொடருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள், கூட்டம் கரைந்தது, 1989 மே மாதம் கதையை முடித்தார்கள். ஜான்சன் மட்டும் ஒரு காரியம் செய்தார்: தொடருக்காக ஓட்டிப் பழகிய விசைப்படகின் மேல் பைத்தியமாகி, நிஜப் போட்டிகளில் இறங்கி, 1988இல் கடல் விசைப்படகுப் பந்தயத்தில் உலகக் கோப்பையே வாங்கிவிட்டார். அதில் டூப் கிடையாது.

நீங்கள் புதிதாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதல் எபிசோட், அப்புறம் காஸ்டியோ வருகிற வரைக்கும் வரிசையாக, அதோடு மூன்றாவது சீசனின் அந்த ஏவுகணை எபிசோட். நான்காவது சீசனில் ஜேம்ஸ் பிரவுன் வருகிறார் என்று ஆசைப்பட்டு 'மிஸ்ஸிங் அவர்ஸ்' பக்கம் போய்விடாதீர்கள். வேற்றுக்கிரக ஆட்கள் வருகிறார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.